றைபிள் ரவை போடும் ரிவோல்வரோடு எட்டு வருடம்

"மாமா, றைபிள் ரவைய ரிவோல்வருக்குள்ள போட்டா வெடிச்சுச் சிதறாதா?" உப்புவெளிக் கடற்கரையில் மருமகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிதறாது. அந்த ரவையின் அளவுக்கும் அழுத்தத்துக்கும் என்றே, ரவைகள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டரைச் செய்திருப்பார்கள். திருகோணமலைக்குத் திரும்ப முன், டெக்சாஸில் நான் வைத்திருந்தது ரூகர் பிளாக்ஹோக் ரிவோல்வர். .30 கார்பைன் ரவை, ஏழரை அங்குலக் குழல், ஆறு வெடி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் எம்1 கார்பைன் என்ற குட்டை றைபிளுக்காகப் பிறந்த ரவை அது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் எங்கள் ஊரில் குண்டு போட்ட காலத்துச் சரக்கு.

முதலில் சத்தம். தம்பலகாமத்து வயலில் யானைவெடியைக் கிட்ட நின்று கேட்டவருக்கு ஓரளவு விளங்கும். கார்பைனின் குழல் 18 அங்குலம். அந்த நீளத்துக்கென்று போட்ட வெடிமருந்து ஏழரை அங்குலத்துக்குள் எரிந்து தீராமல் வாயால் நெருப்பாகக் கக்குகிறது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியாலும் சூடான வாயு சீறும், விரல் அந்தப் பக்கமே போகக்கூடாது. 7 கிராம் குண்டு கார்பைனில் செக்கனுக்குச் சுமார் 600 மீற்றர் ஓடும், இதில் 450 அளவில்தான். றைபிளின் பலத்தை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

ஆனால் குறி! உதை அவ்வளவு இல்லை. சாய்மானம் வைத்துச் சுட்டால் 50 யாரில் ஆறும் தேத்தண்ணிக் கோப்பையின் தட்டுக்குள் அடங்கும். எட்டு வருடமும் அந்தச் சந்தோசம் குறையவே இல்லை.

வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வந்து நானே மருந்து நிரப்புவேன். ஒருநாள் மூன்றாவது வெடியோடு சிலிண்டர் இறுகிவிட்டது, ரவையை வெடிக்கவைக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க முடியவில்லை. வெடிக்கும்போது கோது விரிந்து, அது இருக்கும் சிலிண்டர் அறையின் சுவரைப் பற்றவேண்டும். கோதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர அச்சில் அழுத்தும்போது பூசிய எண்ணெயை நான் துடைக்காமல் விட்டதால், பற்றாமல் பின்னுக்கு வழுக்கி முட்டிக்கொண்டது. பிறகு ஒவ்வொன்றையும் பழைய சாரத் துண்டால் துடைத்துத்தான் போட்டேன். இந்தக் கோதுக்கு விளிம்பும் கிடையாது, வாய்தான் அறைக்குள் தாங்கி நிற்கும். அதனால் நீளத்தையும் அளந்து வெட்டவேண்டும்.

வரும்போது அனுமதியுள்ள கடையொன்றில் விற்றுவிட்டேன். வெளிநாட்டில் நம்மவர் யாராவது சட்டப்படி வாங்கினால், காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மூடி, இரண்டும் போடுங்கள். முதல் வருடம் நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். கடல் அடங்கிய இரவுகளில் இடது காதில் அந்த இரைச்சல் இன்னும் கேட்கிறது.