ஜப்பான் வரலாற்றுச் சுவர்ப்படம்: படம் நல்லது, சட்டம் போடுவதில்தான் சூட்சுமம்

24க்கு 36 இஞ்ச், 200 ஜிஎஸ்எம் மேட் தாள், அட்டைக் குழாயில் சுருட்டி வருகிறது. விலை 1,400 ரூபாய். நாகர்கோவிலில் ஒழுங்காகச் சட்டம் போட்டால் அதற்கு மேலேயே ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

நடுவில் 1600ஆம் ஆண்டு ஜப்பான். பழைய மாகாணங்களுக்குத் தனித்தனி நிறம், போர் நடந்த இடங்களில் குறுக்கு வாள், இடது ஓரத்தில் பிரபுக் குடும்பங்களின் முத்திரைகள், அடியில் காலப் பட்டை. நிறங்கள் கண்ணை உறுத்தவில்லை. எழுத்துதான் பொடி, மாகாணப் பெயரை வாசிக்க ஒரு கை தூரத்துக்கு வர வேண்டும். சோபாவுக்கு மேலே மாட்டினால் வெறும் அலங்காரம்தான். நடைவழியிலோ படிப்பு மேசைக்கு அருகிலோ மாட்டினால் காசுக்குப் பயன் உண்டு.

இந்த மாதிரிப் படங்களைச் சோதிக்க ஒரு குறுக்குவழி உண்டு: வடகிழக்கு மூலையைப் பாருங்கள். முட்சு என்ற மிகப் பெரிய மாகாணம் 1869இல்தான் ஐந்தாகப் பிரிந்தது. பக்கத்துத் தேவா மாகாணமும் அப்போதுதான் இரண்டானது. 1600 என்று போட்டுவிட்டு அங்கே ரிகுசென், ரிகுச்சூ என்று எழுதியிருந்தால் 1868இல் தொடங்கிய மெய்ஜி காலப் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள் என்று பொருள். இந்தப் படம் அதில் தப்பிவிட்டது. செகிகஹாரா போர்க்களமும் இருக்க வேண்டிய இடத்திலேயே, பிவா ஏரிக்குக் கிழக்கே மினோ மாகாணத்தில் இருக்கிறது. 1600 அக்டோபர் 21இல் அங்கே ஜெயித்துத்தான் டொக்குகாவா இயேயாசு 1603இல் ஷோகுன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர், ஆனார்.

கோட்டை விட்டது இரண்டு முனைகளிலும். வடக்கே ஹொக்காய்டோ முழுவதற்கும் ஜப்பானிய மாகாணம்போல நிறம் அடித்திருக்கிறார்கள். அன்று அதன் பெயர் எசோ; ஐனு என்ற பூர்வகுடி மக்களின் நிலம். தெற்கு முனையில் மட்டும்தான் மட்சுமாயே குடும்பத்துக்குப் பிடி இருந்தது. 1869இல் வந்த பெயர்தான் ஹொக்காய்டோ. தெற்கே கட்டத்துக்குள் போட்டிருக்கும் ஒக்கினாவாவும் அப்படித்தான். அது ரியூக்யூ என்ற தனி அரசு. தெற்கு ஜப்பானின் சட்சுமா பிரபுவின் படை புகுந்தது 1609இல், ஜப்பானின் மாவட்டமாக்கியது 1879இல். பள்ளிக்கு வாங்குகிறவர்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

காலப் பட்டையை அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல ஆயிரம் ஆண்டு நீண்ட ஜோமோன் என்ற வரலாற்றுக்கு முந்தைய காலத்துக்கும் 1912 முதல் 1926 வரை மட்டுமே இருந்த தைஷோ காலத்துக்கும் ஒரே அகலம் கொடுத்திருக்கிறார்கள். இடம் பற்றாமல் செய்திருப்பார்கள். அடியில் ஒரு வரி குறிப்பாவது போட்டிருக்கலாம்.

நம் ஊர்க்காரர்கள் முதலில் தேடப்போவது ககோஷிமாவை. 1544இல் நம் கடற்கரை ஊர்களில் வேலை செய்த சவேரியார் 1549 ஆகஸ்ட் 15இல் போய் இறங்கிய துறை அது; படத்தில் ஆண்டோடு குறித்திருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே வட்டத்துக்குள் சிலுவை ஒன்று இருக்கும். அது ஷிமாசு குடும்பத்தின் முத்திரை, சவேரியார் வருவதற்கு முன்பே உள்ளது. கோட்டாறு பக்கம் யார் வீட்டில் மாட்டினாலும் வருகிறவர்கள் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நாகசாகியில் தெஜிமா தீவும் உண்டு. 1741இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்ற அதே டச்சுக் கம்பெனிக்கு அப்போது ஜப்பானில் காலூன்ற இருந்த ஒரே இடம் அந்தக் குட்டித் தீவுதான்.

இனி மாட்டுகிற வேலை. ஆனி ஆடி மழை, ஐப்பசி கார்த்திகை மழை என்று இரண்டும் வாங்குகிற மாவட்டம் இது. தாள் ஈரம் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். சட்டம் போடுபவர் வெள்ளைப் பசை தடவி பலகையில் ஒட்டித்தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பசையின் தண்ணீரில் தாள் உப்பும், காய்ந்தபின் கொப்புளம் நிற்கும், திருத்தவே முடியாது. மேல் விளிம்பில் மட்டும் மூன்று இடத்தில் அமிலமில்லாத டேப் ஒட்டி, கீழும் பக்கங்களும் சும்மா தொங்கட்டும். சட்டத்துக்குள் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் விடுங்கள். செல்லோ டேப் கூடாது; மஞ்சளாகிப் பசை கசிந்து தாளில் ஊறும்.

சுருள் நிமிர, சுத்தமான துணிமேல் படத்தைக் கவிழ்த்து, புத்தகங்களைப் பாரம் வைத்து இரண்டு நாள் விடுங்கள். எதிர்ப்பக்கமாகச் சுருட்டினால் மை வெடிக்கும்.

கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. தொட்டால் மழைக்காலத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் 5 சென்டிமீட்டர் மவுண்ட் அட்டை வைத்தால் இடைவெளி தானாகக் கிடைக்கும், பார்க்கவும் எடுப்பு. அப்படி வைத்தால் மொத்த அளவு சுமார் 71க்கு 101 சென்டிமீட்டர். 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 5 கிலோவைத் தாண்டும். 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் 2 கிலோகூட வராது, அதுவே போதும். கீறல் விழும் என்பதால் மெல்லிய பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள்.

சட்டத்துக்கு மரம் வேண்டாம், சிதல் ஏறும். சிந்தெட்டிக் அல்லது அலுமினியம் எடுங்கள். பின்பக்க இடுக்கை டேப் போட்டு மூடாவிட்டால் இராமபாணம் உள்ளே போய்விடும். நான்கு மூலையிலும் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும், பூஞ்சை பிடிக்காது.

மேற்கு வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சாரல் அந்தப் பக்கத்தில்தான் அடிக்கும், மாலை வெயிலும் அங்கேதான். வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், மாகாண எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 6 மில்லிமீட்டர் துளை, பிளாஸ்டிக் பிளக், இரண்டு திருகு. பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் இறங்க வேண்டும். பழைய சுண்ணாம்புப் பூச்சு என்றால் 50 மில்லிமீட்டர் திருகு எடுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் சாதா ஆணி துருப்பிடித்துச் சுவரில் கறை வழியும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும்தான்.

பார்சல் வந்ததும் குழாயின் இரு முனைகளையும் பாருங்கள். நசுங்கியிருந்தால் பிரிப்பதற்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள், மாற்றித்தரக் கேட்பார்கள்.