பாஸ்போ-எர்க் ஆன்டிபாடி வாங்கும் காரைக்குடிப் பக்கத்து லேப்களின் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் காலேஜ் காலேஜாக ஏறி இறங்கும் ஒரு ரீஏஜென்ட் டீலர் எங்கள் லேப் தலையில் பாஸ்போ-எர்க் ஆன்டிபாடி (செல்லுக்குள் சிக்னல் கடத்தும் எர்க் புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று காட்டுவது) என்று எதையோ கட்டிவிட்டார். பெயர் வேண்டாம், சரக்கின் அடையாளம் இது: பெரிய கம்பெனியின் கேட்லாக் நம்பர், ஆனால் லேபிள் கம்பெனியுடையது அல்ல, வெள்ளை ஸ்டிக்கரில் பிரின்ட் எடுத்து ஒட்டியது. சர்டிஃபிகேட்டில் லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) இருக்கிறது, வயலில் (குப்பியில்) இல்லை.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து மெம்பரேனில் ஏற்றி ஆன்டிபாடியால் தேடும் சோதனை) பேண்டு, அதாவது கறுப்புக் கோடு, வராமல் இருந்திருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாம். 44, 42 கிலோ டால்டனில் எர்க்1, எர்க்2 இரண்டும் பளிச்சென்று விழுந்தன, வில்லங்கமே அதுதான். எர்க்1-இல் த்ரியோனின் 202, டைரோசின் 204 ஆகியவற்றில் பாஸ்பேட் ஏறியிருந்தால் மட்டும் பிடிக்க வேண்டிய ஆன்டிபாடி, ஏறாததையும் சேர்த்துப் பிடித்தது.

எர்க் அணைவதற்காக ஹீலா செல்களை (மனிதப் புற்றுநோய் செல் வகை) இரவு முழுக்க சீரம் இல்லாமல் வைத்து மூன்று லேன் (சாம்பிள் வரிசை) ஓட்டினோம். ஒன்று அப்படியே. இரண்டாவதுக்கு எர்க்கைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான இ.ஜி.எஃப். மில்லிக்கு 100 நானோகிராம், 10 நிமிடம். மூன்றாவதுக்கு அதே இ.ஜி.எஃப்., ஆனால் அதற்கு முன் ஒரு மணி நேரம் 10 மைக்ரோமோலார் யு0126. லேனுக்கு 20 மைக்ரோகிராம் புரதம். யு0126, எர்க்கில் பாஸ்பேட் ஏற்றும் மெக் என்சைமை அடைத்துவிடும், ஆகவே நடு லேன் மட்டும்தான் கறுக்க வேண்டும். மூன்றும் ஒரே கறுப்பு. மெம்பரேனில் ஒரு துண்டை வெட்டி, பாஸ்பேட்டைக் கழற்றும் லாம்டா பாஸ்படேஸில் (மாங்கனீஸ் இல்லாமல் அது வேலை செய்யாது) ஊறவைத்தும் பேண்டு அசையவில்லை. பக்கத்து லேப்பில் கடன் வாங்கிய பாஸ்போ-எர்க் வயலை அதே சாம்பிளுக்குப் போட்டால் நடு லேன் மட்டும் கறுத்தது.

டீலரின் முதல் பதில்: “சார், நீங்க லைசிஸ் பஃபர்ல வனடேட் போட்டிருக்க மாட்டீங்க.” செல்லை உடைக்கும் அந்தக் கரைசலில் வனடேட் இல்லாவிட்டால் பாஸ்பேட் கழன்று பேண்டு மங்கும்; மங்க வேண்டிய லேன் அதனால் கறுக்காது. அடுத்தது, “மே மாச வெயில், ஜெல் பேக் உருகியிருக்கும்.” சூட்டில் ஆன்டிபாடி கெட்டால் சிக்னல் குறையும். பாஸ்பேட் இல்லாத எர்க்கைப் புதிதாகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளாது! அதோடு 50 சதவீதம் கிளிசரால் உள்ள ஸ்டாக் ஒரு நாள் பஸ் பார்சலில் வந்ததால் மட்டும் வீணாகிவிடுவதும் அரிது.

டீலர் மீது பாயும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். மொத்த எர்க் ஆன்டிபாடியை (பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிப்பது) முதலில் போட்டு, சரியாக ஸ்டிரிப் செய்யாமல் (கழுவி நீக்காமல்) பாஸ்போ போட்டாலும் இதே படம்தான் வரும். பாஸ்போவை முதலில் போடுங்கள். ஏ375 (மெலனோமா செல் வகை) போல, எர்க்குக்கு மேலிருந்து சிக்னல் தரும் பி-ராஃப் புரதத்தில் மியூட்டேஷன் உள்ள செல்லில் சீரம் எடுத்தாலும் எர்க் அணையாது, அங்கே யு0126 லேன்தான் சாட்சி. மெம்பரேனின் வெற்று இடங்களை மூடும் பிளாக்கிங் பாலில் வேண்டாம், பாலிலுள்ள கேசினே பாஸ்போபுரதம், டி.பி.எஸ்.டி. பஃபரில் 5 சதவீதம் பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின்) போதும்.

பணம் இன்னும் திரும்பவில்லை, “ஏழு நாளைக்குள்ள சொல்லியிருக்கணும்” என்கிறார்கள். ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரிலேயே “கம்பெனி சீல் உடையாத வயல், வயலிலும் சர்டிஃபிகேட்டிலும் ஒரே லாட் நம்பர், யு0126 சோதனையில் தேறிய பிறகே பில்” என்று எழுதுங்கள். பார்சல் வந்த அன்றே லாட் நம்பரைத் தயாரித்த கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேளுங்கள், டீலர் கொடுக்கும் மெயில் ஐ.டி.க்கு அல்ல.