மதுரையில் "கோயில் பக்கம்" என்று ரூம் போடுகிறவர்கள் கவனத்துக்கு: 7,770 ரூபாய் போச்சு

நேற்று விடியற்காலை நடந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆன்லைனில் ரூம் புக் செய்யும் ஆப் ஒன்று. பெயர் போடவில்லை, பெயரைக் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். அதில் "மேலமாசி வீதி, மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து 350 மீட்டர்" என்று ஒரு லாட்ஜ். இரண்டு ரூம், இரண்டு நாள். ஒரு ரூமுக்கு நாள் வாடகை 1,850, ஆக 7,400. அதற்கு மேல் "வரி மற்றும் கட்டணம்" 370. மொத்தம் 7,770 ரூபாய், முழுசும் முன்கூட்டியே. சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய பெரியப்பா குடும்பத்துக்கு அந்த முகவரியில் கிடைத்தது ஒரு மேஜையும் அதன் பின்னால் ஒரு பையனும்தான். ரூம் கிடையாது. பணமும் இதுவரை வரவில்லை.

வெளியூர்க்காரர்கள் எந்த ஏரியாவில் தங்கலாம் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் இந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

நம்ப வைத்தது ஆப் அல்ல, ஒரு போன் கால். பணம் கட்டின அன்று சாயங்காலமே கூப்பிட்டார்கள். சுத்தமான மதுரைப் பேச்சு. "அண்ணே, நம்ம லாட்ஜ்தாண்ணே. மேலக்கோபுரத்துக்கு நேர் எதிர்ல. ஸ்டேஷன்லருந்து நடந்தே வந்துரலாம். பெரியம்மாவுக்கு முட்டிவலின்னு சொல்றீங்க, கீழ்த்தளத்துலயே ரூம் போட்டுத் தர்றேன். விடியக்காலை வந்தாலும் சாவி கைல கொடுத்துருவேன், தனிக் காசெல்லாம் வேணாம்ணே." இத்தனை பணிவாக ஒருத்தன் பேசினால் யார் சந்தேகப்படுவார்கள்?

அந்தப் பேச்சிலேயே ஓட்டை இருக்கிறது, கவனியுங்கள். மேலக்கோபுரம் நிற்பது மேலச் சித்திரை வீதியில். அதற்கு வெளியே மேல ஆவணி மூல வீதி, அதையும் தாண்டித்தான் மேலமாசி வீதி. மேலமாசி வீதியில் இருக்கும் எந்தக் கட்டடமும் கோபுரத்துக்கு "நேர் எதிரில்" இருக்க வழியே இல்லை. மதுரையின் வீதி அமைப்பு தெரிந்தால் இந்த மாதிரிப் பொய் பாதி அங்கேயே உடைந்துவிடும். உள்ளேயிருந்து வெளியே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியாக வெளி வீதி. ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. வெளி வீதி, பழைய கோட்டைச் சுவர் இருந்த இடத்தை ஒட்டியது. ரயில்வே ஸ்டேஷன் இருப்பது மேலவெளி வீதியில். இவை ஒவ்வொன்றுக்கும் மேல, கீழ, வடக்கு, தெற்கு என்று நான்கு பக்கம் உண்டு. "மாசி வீதி" என்று மட்டும் போட்டிருந்தால் அது முகவரியே இல்லை.

விடியற்காலை கவுண்டரில் அந்தப் பையன் சொன்னது: "சார், நேத்து நைட்டு ஏசி லைன் போயிருச்சு. ரூம் தர முடியாது. பைபாஸ் ரோட்டுல நம்ம பிராஞ்ச் இருக்கு, இதைவிடப் பெரிய ரூம், அதே ரேட்டு. ஆட்டோ நானே பிடிச்சுத் தர்றேன்." அவன் தலைக்கு மேலே சாவிப் பலகை. 101-லிருந்து 112 வரை கொக்கி, அதில் ஒன்பது சாவி தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏசி ஓடாவிட்டால் ஃபேன் ரூமாகவாவது கொடு என்றால், "அது லாட்ஜ் ரூம் சார், நம்ம ரூம் இல்ல" என்கிறான்.

விஷயம் அந்த ஒரு வாக்கியத்தில் வெளியே வந்துவிட்டது. லாட்ஜ் ஒருவருடையது. அதில் இரண்டு மூன்று ரூமை மட்டும் வேறு ஒருவர் மாதக் கணக்கில் எடுத்து, வேறு பெயர் வைத்து ஆப்பில் ஏற்றியிருக்கிறார். இருக்கிற ரூமுக்கு மேல் புக்கிங் வாங்குவது, வருகிறவர்களைத் தூரத்தில் காலியாகக் கிடக்கும் கட்டடத்துக்குத் திருப்பிவிடுவது, இதுதான் தொழில். மேலமாசி வீதி முகவரி வெறும் தூண்டில்.

பைபாஸ் ரோடு மோசமான இடம் என்று சொல்லவில்லை. காரில் வருகிறவர்களுக்கு, மறுநாள் தேனி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் கோயிலுக்காக வருகிறவர்களுக்கு அது வேறு ஊர் மாதிரி. நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. மேப்பில் நேர்கோடு போட்டால் தூரம் குறைவாகத் தெரியும். பாலத்தைச் சுற்றிப் போய்ச் சேரும்போதுதான் தெரியும் கதை. பாதைக்கு மேற்கே இருக்கிற எல்லீஸ் நகர், எஸ்.எஸ். காலனி ரூம்களுக்கும் இதே கணக்குத்தான்.

மதுரையில் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் தங்க வேண்டும் என்பது வீண் பிடிவாதம் அல்ல. மதியம் 12.30 வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க 4 மணி ஆகும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, பள்ளியறை பூஜையும் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி வரை. இடையில் வந்து காலை நீட்ட ஒரு ரூம் வேண்டும். 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போனையும் உள்ளே விடுவதில்லை. பக்கத்தில் ரூம் இருந்தால் போனையும் பையையும் அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம், காப்பக வரிசையில் நிற்க வேண்டாம். பைபாஸிலிருந்து இதைச் செய்தால் ஒரு நாளைக்கு நாலு ஆட்டோ. முட்டிவலிக்காரப் பெரியம்மாவை வைத்துக்கொண்டு நாலு ஆட்டோ!

மாற்று ரூம் வேண்டாம், பணத்தைக் கொடு என்று சொன்னதும் பேச்சு மாறியது. "அது எங்க கையில இல்ல சார், ஆப்புல கேளுங்க." முதல் நாள் "அண்ணே அண்ணே" என்று பேசிய நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஆப்பில் போன் நம்பரே கிடையாது, சாட் மட்டும். அதில் முதல் பதில்: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 24 முதல் 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." இரண்டாவது ஆள் வந்து புக்கிங் நம்பரைத் திரும்பக் கேட்டார். மூன்றாவது ஆள்: "பிராப்பர்ட்டி தரப்பில் மாற்று அறை வழங்கப்பட்டது. விருந்தினர் மறுத்துள்ளார். பாலிசிப்படி தொகையைத் திரும்பத் தர இயலாது." மத்தியானம் பார்த்தால் புக்கிங்கின் நிலை "விருந்தினர் வரவில்லை" என்று மாறியிருக்கிறது. வாசலில் பெட்டியோடு நின்றவர்கள் வரவில்லையாம்! சாயங்காலம் ஒரு சமாதானம் அனுப்பினார்கள், அடுத்த புக்கிங்குக்கு 200 ரூபாய் கூப்பன். 7,770 ரூபாய்க்கு 200 ரூபாய் கூப்பன்.

ரசீதைப் பாருங்கள். நாளுக்கு 7,500 ரூபாய்க்கு உட்பட்ட ரூம் வாடகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். 7,400-க்கு 370 சரியாக வருகிறது. ஆனால் ரசீதில் லாட்ஜின் ஜிஎஸ்டி எண் இல்லை, கதவு எண் இல்லை, வரி தனி, கட்டணம் தனி என்று பிரிக்கவும் இல்லை. அந்த 370 யாருக்குப் போனது என்று கேட்டால் சாட்டில் பதில் இல்லை.

படங்களும் அப்படித்தான். "மொட்டைமாடியிலிருந்து கோபுர தரிசனம்" என்று ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தால் கிட்டத்தில் இருப்பது வடக்குக் கோபுரம். நம் ஊரில் அதை மொட்டைக் கோபுரம் என்போம், மற்ற மூன்றையும்விட அதில் சுதைச் சிற்பங்கள் குறைவு. மேலமாசி வீதி மாடியிலிருந்து எடுத்தால் மேலக்கோபுரம்தானே முன்னால் வர வேண்டும்? எங்கிருந்தோ சுட்ட படம். தெற்குக் கோபுரம்தான் நான்கிலும் உயரம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால், படம் எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, ஏரியா விஷயம். விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

கோயிலுக்காக மட்டும் வருகிறீர்கள், ரயிலில் வருகிறீர்கள் என்றால் ஸ்டேஷனுக்கும் மேலக்கோபுரத்துக்கும் நடுவில் பாருங்கள். டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேலமாசி வீதி. லாட்ஜ்கள் அடர்த்தி. சுமாரான ரூமில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடச் சுவர்தான் தெரியும், அதை எதிர்பார்த்தே போங்கள். பழைய லாட்ஜ் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. வயசானவர்கள் இருந்தால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் "ரூம் வேணுமா சார்" என்று பின்னாலேயே வருகிறவர்களுடைய கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும்.

சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். அதை ஒட்டி ரூம் போட்டால் பெட்டியைக் கையில்தான் தூக்க வேண்டும். விளக்குத்தூண், கீழமாசி வீதிப் பக்கம் திருமலை நாயக்கர் மகாலுக்கு நடந்துவிடலாம், ஜிகர்தண்டாவும் கிட்டத்தில். ஆனால் கீழமாசி வீதி மொத்த வியாபாரம் நடக்கிற இடம், மூட்டை இறக்குகிற சத்தம் நேரம் காலம் பார்க்காது. தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதற்கு அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் அங்கே ரோட்டைப் பார்த்த ரூமில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கலாம்.

சிம்மக்கல் பலரும் யோசிக்காத இடம். வடக்குக் கோபுரத்துக்கு நடந்து வரலாம். என் கணக்கில் குடும்பத்துக்கு அது நல்ல தேர்வு.

வைகைக்கு வடக்கே தல்லாகுளம், கே.கே. நகர், அண்ணா நகர். காரை நிறுத்த இடம் கிடைக்கும், ராத்திரி அமைதி, காந்தி மியூசியம் கிட்டத்தில். ஆனால் ஆற்றைத் தாண்டித்தான் கோயிலுக்கு வர வேண்டும். கோரிப்பாளையம் நெரிசலில் ஒரு தடவை மாட்டினால் பூஜை நேரத்தை மறந்துவிடலாம்.

மாட்டுத்தாவணியில் தங்குவது பஸ்ஸுக்காக மட்டும்தான் நியாயம். ராமேஸ்வரம், திருநெல்வேலி, திருச்சி வண்டிகள் அங்கிருந்து. கொடைக்கானல், தேனி, கோவை என்றால் ஆரப்பாளையம். இதை மாற்றிப் போட்டால் விடியற்காலையில் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஆட்டோ.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. தேர் ஓடுவது மாசி வீதிகளில், சித்திரை வீதியில் அல்ல. "சித்திரை வீதி ரூம், தேர் பார்க்கலாம்" என்று யாராவது விற்றால் ஆளை விடுங்கள். அந்த நாட்களில் வாடகை எகிறும். முன்பே குறைந்த ரேட்டில் எடுத்த புக்கிங்கை "ஏசி லைன் போயிருச்சு" மாதிரி காரணம் சொல்லிக் கழற்றிவிட இது நல்ல சீசன்.

இனி அவசர அவசரமாக:

முழுப் பணமும் முன்னாடி கட்டாதீர்கள். "போய்ச் சேர்ந்ததும் பணம்" என்ற வசதி உள்ள ரூமை மட்டும் எடுங்கள், வாடகை நூறு இருநூறு கூட இருந்தாலும் பரவாயில்லை.

ஆப் தருகிற நம்பரில் பேசினால் போதாது. லாட்ஜின் பெயரைத் தனியாகத் தேடி அவர்களுடைய சொந்த நம்பரைப் பிடித்து, "மேலக்கோபுரத்துலருந்து வந்தா எந்த ரோட்டுல திரும்பணும், பக்கத்துல என்ன கடை இருக்கு, கதவு எண் என்ன" என்று கேளுங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் யோசிக்காமல் சொல்வார். எங்கோ உட்கார்ந்து பேசுகிறவர் "லொகேஷன் அனுப்புறேன் சார்" என்பார்.

மேப்பில் நடை தூரம் பாருங்கள், வண்டித் தூரமோ நேர்கோட்டுத் தூரமோ வேண்டாம். "கோயில் அருகில்" என்றால் எந்தக் கோயில் என்று கேளுங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டத்தில் கூடலழகர் பெருமாள் கோயில் இருக்கிறது, திருப்பரங்குன்றத்திலும் கோயில் இருக்கிறது, எல்லாம் கோயில்தான்!

செக்-அவுட் 24 மணி நேரமா, மதியம் 12 மணியா என்று எழுத்தில் வாங்குங்கள். ஸ்டேஷன் பக்க லாட்ஜ் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. ஆப் வழியாகப் போனால் அது 12 மணி ஆகிவிடும். விடியற்காலை ரயிலில் இறங்குகிறவர்கள் மதியம் வரை வரவேற்பறையில் பெட்டிக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

ரூம் இல்லை என்றால் வாசலை விட்டு நகர்வதற்கு முன்னால் வீடியோ எடுங்கள். போர்டு, கவுண்டர், சாவிப் பலகை, கையில் போனில் புக்கிங், எல்லாம் ஒரே ஓட்டத்தில். "வரவில்லை" என்று அவர்கள் மாற்றுவதற்கு இதுதான் பதில். மாற்று இடத்துக்கு ஆட்டோ ஏறிவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள்.

புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஆப் கம்பெனி குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் பேசுவதோடு நிற்காமல் அந்த அதிகாரிக்கு மெயில் போடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆளே போலி, லாட்ஜே இல்லை என்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அடியுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

1915-இல் புகார் பதிவாகிவிட்டது, குறைதீர்ப்பு அதிகாரிக்கும் வீடியோவோடு மெயில் போயிருக்கிறது. கூப்பன் வேண்டாம், 7,770 ரூபாயும் கட்டின கணக்குக்கே வர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.