சீனச் சந்தைக்குள் நுழைய எந்த வாசல்? முதலில் சீல் யார் கையில் என்று பாருங்கள்

2020 ஜூனில் ஆர்ம் சைனா நிறுவனத்தின் இயக்குநர் குழு, தலைவர் ஆலன் வூவை நீக்குவது என்று 7-க்கு 1 வாக்கில் முடிவு செய்தது. அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. நிறுவனத்தின் சீல் அவரிடம் இருந்தது. அரசுப் பதிவேட்டில் சட்டப்படியான பிரதிநிதி என்ற இடத்திலும் அவர் பெயர்தான். செல்பேசிச் சிப் வடிவமைப்பில் உலகமே நம்பியிருக்கும் பிரிட்டிஷ் நிறுவனம் ஆர்ம். தன் பெயரில் நடக்கும் சீன நிறுவனத்துக்குத் தலைவரை மாற்ற அதற்கு 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. 2018-இல் 51 சதவீதப் பங்கை ஹோபு என்ற சீன முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலான குழுவுக்கு 77.5 கோடி டாலருக்கு விற்றபோது, கையை விட்டுப் போவது பங்கு மட்டுமல்ல என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் ஊரில் கையெழுத்துக்குத் துணையாகத்தான் ரப்பர் ஸ்டாம்ப். சீனாவில் பெரும்பாலும் அந்தச் சிவப்பு முத்திரை விழுந்தால்தான் ஒப்பந்தம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், வங்கி பணத்தை நகர்த்தும், வரி அலுவலகம் தாளை வாங்கும். உள்நாட்டு நிறுவனத்தின் சீல் வட்டமாக, நடுவில் ஐந்துமுனை நட்சத்திரத்துடன் இருக்கும். வெளிநாட்டு முதலீடு உள்ள நிறுவனத்துக்கு 45 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலத்தில் நட்சத்திரம் இல்லாத நீள்வட்டம். நிதிக்கு ஒன்று, ஒப்பந்தத்துக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று தனித்தனிச் சீல்களும் உண்டு. சீனாவுக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் வரி எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனமோ உள்ளூர் நிறுவனமோ, வருமான வரி ஒரே 25 சதவீதம்தான். எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி வேறு: சீலும் பெயரும் யார் கையில் இருக்கும்?

முதலில் கூட்டு நிறுவனம். 1979-இல் சீனா வெளிநாட்டு முதலீட்டுக்குத் திறந்த முதல் சட்ட வாசல் இதுதான். வெளிநாட்டாருக்கே முழு உரிமையுள்ள நிறுவனத்துக்கான சட்டம் 1986-இல்தான் வந்தது. கார் தயாரிப்பில் உள்ளூர் பங்காளி இல்லாமல் நுழையவே முடியாது, வெளிநாட்டார் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. அதை மோசமான ஏற்பாடு என்று ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஃபோக்ஸ்வாகன் 1984-இல் ஷாங்காய் கூட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டு, சாந்தானா காரைத் தெருவெங்கும் டாக்ஸியாக ஓடவிட்டு, பல ஆண்டுகள் சந்தையில் முதலிடத்தில் இருந்தது.

ஆனால் டனோனின் அனுபவத்தைப் படித்தால் வயிறு கலங்கும். பிரான்சின் உணவு நிறுவனம் டனோனும் சீனாவின் ஹாங்ஜோ நகரப் பான நிறுவனம் வஹாஹாவும் 1996-இல் கைகோர்த்தன. பிறகு டனோனின் பங்கு 51 சதவீதம் ஆனது. வஹாஹா என்ற டிரேட்மார்க் கூட்டு நிறுவனத்தின் பெயருக்கு மாற வேண்டும் என்பது பேச்சு. டிரேட்மார்க் அலுவலகம் அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் தரவில்லை. உரிம ஒப்பந்தம் ஒன்றை எழுதிச் சமாளித்தார்கள். சில வருடங்களில், கூட்டுக்கு வெளியே வஹாஹா தரப்பு நடத்திய நிறுவனங்கள் அதே பெயரில் அதே பானங்களை விற்பதாக டனோன் புகார் சொன்னது. 2007-இல் சண்டை வெளியே வெடித்தது, பல நாடுகளில் வழக்குகள் நடந்தன. 2009-இல் டனோன் தன் 51 சதவீதத்தையும் வஹாஹாவிடமே விற்றுவிட்டு வெளியேறியது. ஏட்டில் பெரும்பான்மை இருந்தும் பெயரில் பிடி இல்லை.

அடுத்தது முழு உரிமை நிறுவனம். 2020 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் பழைய மூன்று சட்டங்களையும் நீக்கியது. இப்போது பார்க்க வேண்டியது, வெளிநாட்டாருக்கு மூடிய அல்லது கட்டுப்படுத்திய துறைகளைச் சொல்லும் தடைப் பட்டியல். அதில் இல்லாத துறை என்றால், உள்ளூர் நிறுவனத்துக்கு உள்ள விதிதான் உங்களுக்கும். 2018 பதிப்பில் 48 இனங்கள் இருந்தன. 2024 பதிப்பில் 29. தயாரிப்புத் துறையில் ஒன்றுகூட மிச்சமில்லை. புகையிலை விற்பனை, அரிய மண் சுரங்கம், கட்டாயக் கல்விப் பள்ளி போன்றவை இன்னும் மூடியே இருக்கின்றன. புதிய கம்பெனிச் சட்டப்படி, 2024 ஜூலை முதல் பதிவு மூலதனத்தை 5 வருடத்துக்குள் கட்டியாக வேண்டும். முன்பு போலப் பெரிய தொகையை எழுதி வைத்துவிட்டு நிதானமாகக் கட்டலாம் என்று இருக்க முடியாது.

சீலும் உங்களிடம், பெயரும் உங்களிடம். டெஸ்லா இப்படித்தான் போனது. மின்கார்களுக்கான பங்கு வரம்பு 2018-இல் நீங்க, 2019 ஜனவரியில் ஷாங்காயில் அடிக்கல் நாட்டி, அந்த வருடமே காரை வெளியே கொண்டுவந்தது. ஆனால் முழு உரிமை என்பது முழுச் சுதந்திரம் ஆகாது. 2021-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிநபர் தகவல் சட்டமும் எல்லாருக்கும் பொருந்தும். டெஸ்லாவும் சீனக் கார்களின் தரவை அங்கேயே வைக்க மையம் அமைத்தது. கிளவுட் சேவையில் அமேசானும் மைக்ரோசாஃப்டும்கூட உள்ளூர் நிறுவனங்கள் வழியாகத்தான் நடத்துகின்றன.

அப்புறம், விதி திறப்பது வேறு, சந்தை காத்திருப்பது வேறு. பயணிகள் காருக்கான 50 சதவீத வரம்பு 2022-இல்தான் நீங்கியது. பிஎம்டபிள்யூ 370 கோடி யூரோ கொடுத்துத் தன் பங்கை 75 சதவீதமாக்கியது. ஆனால் 2020-இல் 38.4 சதவீதமாக இருந்த சீன பிராண்டுகளின் பங்கு 2024-இல் 65.2 சதவீதம் ஆகிவிட்டது. நம் ஊரில் மாருதியை வைத்துக்கொண்டு முதலிடத்தில் இருக்கும் சுசுகி, 2018-இலேயே சீனாவை விட்டு வெளியேறியிருந்தது. 1983-இல் பெய்ஜிங்கில் கையெழுத்திட்டு முதல் கார்க் கூட்டு நிறுவனத்தைத் தந்த பெருமை ஜீப்புக்கு உண்டு. பின்னாளில் அந்தக் கார்களைச் செய்துவந்த கூட்டு நிறுவனம் 2022-இல் திவாலுக்குப் போனது. பந்திக்கு முந்து என்பது மட்டும் இந்தச் சந்தையில் போதாது.

மூன்றாவது வழி, கடையை உள்ளூர்க்காரரிடம் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது. மெக்டொனால்ட்ஸ் 2017-இல் சீனத் தொழிலின் 80 சதவீதத்தை சிட்டிக், கார்லைல் ஆகிய முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றது, 20 வருட உரிமத்தோடு. உள்ளூர்ப் பணமும் ஆளும் வந்ததும் கடைகள் வேகமாகப் பெருகின. கார்லைலின் 28 சதவீதத்தைத் திரும்ப வாங்குவதாக 2023-இல் அறிவித்து 48 சதவீதத்துக்கு வந்தது. ஸ்டார்பக்ஸ் இதே பாதையைத் தாமதமாகப் பிடித்தது: 2023-இல் சீனாவின் லக்கின் காபி விற்பனையில் முந்திய பிறகு, 2025 நவம்பரில் சீனத் தொழிலின் 60 சதவீதம் வரை போயூ கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. டனோன் கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். இங்கே பெயர் வெளிநாட்டு நிறுவனத்தினுடையது, உள்ளூர்க்காரருக்கு வாடகைக்கு மட்டும் போனது. உணவு, துணி போலக் கடைகளை நம்பிய தொழிலுக்கு, கூட்டு நிறுவனத்தைவிட இதை நல்ல வழி என்பேன்.

பிரதிநிதி அலுவலகம் என்று இன்னொன்று உண்டு. சம்பாதிக்கும் வேலை எதையும் அது செய்யக்கூடாது, உள்ளூர் ஊழியரையும் ஏஜென்சி மூலம்தான் எடுக்க வேண்டும். சந்தையை வேடிக்கை பார்க்க மட்டும் உதவும்.

சிறு நிறுவனங்களுக்கு எல்லை தாண்டிய ஆன்லைன் விற்பனைதான் சரி. சீனாவில் நிறுவனமே பதியாமல், டிமால் குளோபல் போன்ற தளத்தில் கடை போடலாம். பொறுப்பேற்க உள்ளூர் ஏஜென்ட் ஒருவர் வேண்டும். 300 யுவான் விலையுள்ள வைட்டமின் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரண இறக்குமதியில் அது ஊட்டப்பொருளாகப் பதிவாகி, டப்பாவில் அதற்கான அரசு அடையாளமான நீலத்தொப்பிக் குறி வாங்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நீளமானது. ஆன்லைன் வழியில் அது வாங்குபவரின் சொந்த உபயோகப் பொருள். அடையாள எண்ணைக் கொடுத்து வாங்குகிறார், சுங்க வரி இல்லை, 13 சதவீத மதிப்புக்கூட்டு வரியில் 70 சதவீதம் மட்டும், அதாவது 27 யுவான் 30 காசு. ஒரு முறைக்கு 5,000 யுவான், ஒருவருக்கு வருடத்துக்கு 26,000 யுவான் என்று வரம்பு. அந்த டப்பாவை மளிகைக் கடை அலமாரியில் வைக்க முடியாது. சந்தை ஏற்குமா என்று பார்க்க இதைவிட மலிவான சோதனை கிடைக்காது.

எந்த வழியில் போனாலும், பெயரை முதலில் பதியுங்கள். முதலில் பதிந்தவருக்கே உரிமை என்பது அங்கே சட்டம். ஐபேட் என்ற பெயருக்காக ஆப்பிள் 2012-இல் ஷென்ஜென் நிறுவனம் ஒன்றுக்கு 6 கோடி டாலர் கொடுத்தது. ஆங்கிலப் பெயர் மட்டும் போதாது, சீன எழுத்திலும் வேண்டும். நியூ பேலன்ஸ் தன்னை ஷின் பாய் லுன் என்று அழைத்துக்கொண்டது. அந்தப் பெயரை வேறொருவர் பதிந்திருந்தார். 2016-இல் குவாங்தோங் மாகாண உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் 50 லட்சம் யுவான் கொடுக்கச் சொன்னது.

கூட்டு நிறுவனத்தின் காலம் முடிந்துவிட்டது என்று இதற்குள் முடிவு கட்ட வேண்டாம். 2023-இல் ஃபோக்ஸ்வாகன் சீன மின்கார் நிறுவனமான எக்ஸ்பெங்கில் 70 கோடி டாலருக்கு ஒரு சிறு பங்கை வாங்கியது, அவர்களுடைய மின்கார்த் தொழில்நுட்பம் வேண்டும் என்பதற்காக. அதே வருடம் ஜீப்பின் உரிமையாளரான ஸ்டெல்லாண்டிஸ், சீனாவின் லீப்மோட்டார் கார்களைச் சீனாவுக்கு வெளியே விற்கக் கூட்டு நிறுவனம் ஒன்றை அறிவித்தது. 51 சதவீதம் ஸ்டெல்லாண்டிஸுக்கு, தலைமையகம் ஆம்ஸ்டர்டாமில்.