சக்கர மீட்டருக்குத் திரும்பிய வீடு: கலிஃபோர்னியா ஆப்ட்-அவுட் பற்றி

கலிஃபோர்னியாவில் வீட்டு இணைப்பு வைத்திருப்பவர்கள் மின்செலவுக் கணக்கை ரேடியோ அலையில் தானே நிறுவனத்துக்கு அனுப்பும் கம்பியில்லா ஸ்மார்ட் மீட்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய சக்கரம் சுற்றும் மீட்டரை மாட்டிக்கொள்ளலாம். இதற்கு ஆப்ட்-அவுட் என்று பெயர். இங்கே தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற பாட்லக்குகளில் எங்கள் வீட்டு மீட்டரைப் பற்றி யாராவது கேட்காமல் இருப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். சேவை ஒழுங்காக நடக்கிறது, ஆனால் எல்லாருக்கும் ஏற்றதல்ல.

நான் கணக்குத் துறையில் வேலை பார்ப்பவள், அதனால் முதலில் பணம். ஆரம்பக் கட்டணம் 75 டாலர், அப்புறம் மாதம் 10 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கான சலுகைத் திட்டத்தில் இருந்தால் 10 டாலரும் மாதம் 5 டாலரும். மின் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மாநிலப் பயன்பாட்டு ஆணையம் 2012 பிப்ரவரியில் பி.ஜி. அண்ட் இ என்ற மின் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு இந்த வழியைத் திறந்துவிட்டது. அதே வருடம் மற்ற இரண்டு பெரிய நிறுவனங்களுக்கும் வந்தது. எங்களுக்கு மின்சாரம் தருவது இந்த மூன்றில் ஒன்று, எது என்பது இங்கே முக்கியமில்லை. 2014 டிசம்பரில் ஆணையம் போட்ட இறுதி உத்தரவுதான் முக்கியம். மாதக் கட்டணம் மூன்று வருடத்துக்கு மேல் கிடையாது என்று அதில் சொல்லிவிட்டார்கள். ஆக மொத்தம் 435 டாலர், சலுகையில் இருப்பவர்களுக்கு 190. ஆயுள் முழுக்க மாதம் 10 டாலர் கட்ட வேண்டும் என்று பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இந்த முடிவை எடுத்தது அத்தை. கதிர்வீச்சு பயமெல்லாம் அவருக்கு இல்லை. ஸ்மார்ட் மீட்டர் இருந்தபோது நிறுவனத்தின் இணையதளத்தில் மணிவாரியாக மின்செலவு வரைபடம் வரும். என் கணவர் அதைத் தினமும் பார்ப்பார். ஒருநாள் காபி குடிக்கும்போது, "ராத்திரி ரெண்டு மணிக்கு எதுக்கும்மா ஹீட்டர் போட்டீங்க? தூங்கலையா?" என்று கேட்டுவிட்டார். அத்தைக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "நான் எப்ப முழிச்சிருக்கேன்னு உனக்கே தெரிய வேண்டாம். கரண்ட்காரனுக்கு எதுக்குடா தெரியணும்?" என்றார். நியாயமான கேள்விதான். மகன் பார்த்ததற்குக் கம்பெனிக்குத் தண்டனையா என்று கணவர் முனகினார், ஆனாலும் ஃபோன் போட்டார்.

அத்தையின் கேள்வியை நீதிமன்றமும் கேட்டிருக்கிறது. இல்லினாய் மாநிலத்து நேப்பர்வில் நகரம் தன் சொந்த மின் நிர்வாகத்தில் இந்த மீட்டர்களைப் போட்டபோது குடிமக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை மின்செலவைப் பதிவு செய்வது அரசியல் சட்டப்படி வீட்டைச் சோதனை போடுவதற்குச் சமம்தான் என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அது நியாயமான சோதனை என்று சொல்லி நகரத்தின் பக்கமே தீர்ப்பும் கொடுத்தது. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "ரெண்டு பக்கமும் பேசுறான் பாரு" என்றார்.

ஃபோனில் பேசிய பெண் முதலில் ஸ்மார்ட் மீட்டரின் பெருமைகளைப் படித்தார், கேட்டுக்கொண்டோம். மீட்டர் மாற்ற வந்தவர் கொஞ்ச நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார். அந்த நேரம் மட்டும் வீட்டில் கரண்ட் இல்லை, அடுப்பு கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. இந்தப் பகுதியில் ஒரு குறையும் இல்லை.

குறை, பில்லில். ரீடிங் எடுக்க ஆள் வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது பழகின கணக்கு. ஆனால் இங்கே பில் மாதாமாதம் வரும், நடுவில் வருகிற மாதத்துக்கு மதிப்பீடு போடுவார்கள். நாங்கள் சென்னைக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு, எல்லாரும் இருந்து சமைத்துச் சாப்பிட்ட மாதிரி பில் வந்தது. அடுத்த ரீடிங்கில் அது தானாகக் கழிந்துவிட்டது, காசு எங்கும் போகவில்லை. இருந்தாலும் மாதச் செலவை இழுத்துப் பிடித்து வாழ்பவர்களுக்கு இது தலைவலி. பக்கவாட்டுக் கேட்டைப் பூட்டிவைத்தாலோ நாயை அவிழ்த்துவிட்டாலோ அந்த ரீடிங்கும் கிடைக்காது. கரண்ட் போனால் ஸ்மார்ட் மீட்டர் தானே நிறுவனத்துக்குச் சொல்லிவிடும், சக்கர மீட்டருக்கு நாம்தான் ஃபோன் செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயத்தைக் கட்டணப் பட்டியலில் யாரும் எழுதிவைப்பதில்லை. எந்த மணிக்கு எவ்வளவு செலவானது என்று சக்கர மீட்டருக்குத் தெரியாது. அதனால் நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டம் எதிலும் சேர முடியாது. இங்கே மாலை 4 முதல் 9 மணி வரைதான் விலை உச்சம், நள்ளிரவில் மலிவு. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் அந்த இரவு விலையை நம்பித்தான் சார்ஜ் போடுகிறார்கள். அவர்கள் ஆப்ட்-அவுட் பக்கமே போகக் கூடாது, இழப்பு மாதம் 10 டாலரோடு நிற்காது. "நாங்க ஆறு மணிக்குக் கூட நிம்மதியாக் கிரைண்டர் போடலாமே" என்று ஒரு தோழி கேட்டாள். அதற்கு மீட்டரை மாற்ற வேண்டியதே இல்லை. நேரம் பார்க்காமல், மொத்தச் செலவு கூடக்கூட யூனிட் விலை ஏறும் அடுக்குமுறைக் கட்டணத்தை ஸ்மார்ட் மீட்டரோடும் கேட்டு வாங்கலாம்.

அலை பயத்தில் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பி.ஜி. அண்ட் இ 2011இல் ஆணையத்திடம் கொடுத்த கணக்குப்படி, ஒரு மீட்டர் நாள் முழுக்க அனுப்புவதைச் சேர்த்தால் சராசரியாக 45 விநாடி வரும். அதை ஆயிரக்கணக்கான சிறு துணுக்குகளாக அனுப்புகிறது, எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டது அந்த எண்ணிக்கையை. ரேடியோ அலைகளைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடிய '2பி' பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் ஆய்வு நிறுவனம் சேர்த்ததும் அதே 2011இல்தான், செல்ஃபோனும் அதில் அடக்கம். மீட்டர் வெளிச்சுவரில் இருக்கிறது, ஃபோன் தலையணைக்கடியில் இருக்கிறது. நான் இதற்கு மேல் வாதாடப் போவதில்லை. ஆனால் அபார்ட்மென்டில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் படுக்கையறைச் சுவருக்கு வெளியே பன்னிரண்டு மீட்டர் வரிசையாக இருந்தால், உங்கள் பணத்துக்கு மாறுவது ஒன்றே ஒன்றுதான். மற்ற பதினொன்றும் அங்கேயே இருக்கும், அண்டை வீட்டாரைக் கட்டாயப்படுத்த முடியாது.

கட்டணம் வாங்குவதே எனக்கு உறுத்துகிறது. ஆள் அனுப்ப, தனிக் கணக்கு வைக்கச் செலவாகும் என்பது புரிகிறது. ஆனால் வெர்மான்ட் மாநிலம் 2012இலேயே வேண்டாம் என்பவர்களிடம் காசு வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டது. இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டு, திரும்பக் கேட்டால் 75 டாலர் என்பதை அத்தை இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை.

மாற்றினால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, மீட்டரில் இருக்கும் சின்ன வட்டங்களின் முட்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த வட்டங்களின் முட்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். முள் இரண்டு எண்களுக்கு நடுவில் நின்றால் சின்ன எண், 9க்கும் 0க்கும் நடுவில் என்றால் 9. மாதக் கடைசியில் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்தால் மதிப்பீட்டு பில்லோடு ஒப்பிடலாம். இரண்டாவது, 37ஆவது மாத பில்லைத் திறந்து அந்த 10 டாலர் நின்றுவிட்டதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் 2014 உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள்.