மதுரையில் ஒரு லைட் மீட்டர் தேடியபோது

தை மாதம் மூன்று வாரம் மதுரையில் இருந்தேன். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இல்லாத பழைய ஃபிலிம் கேமராவை டொராண்டோவிலிருந்து எடுத்து வந்திருந்ததால், முதல் வேலையாகக் கையடக்க லைட் மீட்டர் ஒன்றைத் தேடினேன்.

நகரின் நடுவே ஒரு கடையில் ஒளியை உணரும் காட்மியம் சல்ஃபைடு கண் கொண்ட பழைய மீட்டர் கிடைத்தது. அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. கடைக்காரர் அதே அளவிலான 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டு, முள் அசைவதைக் காட்டி விற்றுவிட்டார். மின்னழுத்தம் கூடும்போது இத்தகைய மீட்டர் உள்ளதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாகக் காட்டும் என்பதால், ஃபிலிமில் போதிய ஒளி விழாமல் என் முதல் சுருளில் நிழற்பகுதிகள் எல்லாம் விவரமின்றி இருண்டே வந்தன. விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

மாசி வீதிப் பக்கம் ஸ்டுடியோ நடத்தும் பெரியவர் ஒருவர், "வாங்க தம்பி, சுவத்துல வச்சுப் பாத்துருவோம்" என்று மாடிக்கு அழைத்துப் போனார். நிழலில் நின்ற வெள்ளைச் சுவர், கூடம், இருட்டான மாடிப்படி என மூன்று இடங்களில் தம் செகோனிக் நிறுவன மீட்டரை என் மீட்டருக்குப் பக்கத்தில் வைத்து அளந்தார். சுவரில் ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரு மடங்கு மாறும் அளவு, வித்தியாசம். மாடிப்படியில் ஏறக்குறைய இரண்டு. பிழை எங்கும் ஒரே அளவாக இருந்திருந்தால் மீட்டரில் வைக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை (ஃபிலிமின் ஒளியுணர்வு எண்ணை) மாற்றிச் சமாளித்திருக்கலாம். இதில் அதற்கும் வழியில்லை. பழைய மீட்டர் வாங்குகிறவர்கள் ஒரே வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அவர் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

புதிதாக வாங்குவதென்று முடிவானபோது, செகோனிக்கின் இரண்டு மாடல்களுக்கு இடையே தயங்கினேன். எல்-398ஏ பேட்டரியே இல்லாமல் இயங்குவது. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அதன் முள்ளால் நுட்பமாகச் சொல்ல முடியாது. எல்-308எக்ஸ், பெட்டிக்கடையிலும் கிடைக்கும் ஒற்றை டபுள்-ஏ பேட்டரியில் ஓடுகிறது, மண்டபத்து அரையிருளையும் அளக்கிறது. ஆகவே அதையே சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்தேன்.

அதன் அருமை திருமலை நாயக்கர் மகாலில்தான் புரிந்தது. வெயில் கொட்டும் முற்றத்தைச் சுற்றி வெண்சுதைத் தூண்கள் நிற்க, அவற்றின் பின்னே தாழ்வாரம் இருண்டு கிடக்கிறது. தூணிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளந்தால், மீட்டர் வெள்ளையையும் நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்வதால் தூண்கள் மங்கிப் போகும். மீட்டரின் கண்ணை அதன் வெள்ளைக் குமிழால் மூடி, தூணருகே நின்று கேமராவின் பக்கம் திருப்பி, விழும் ஒளியையே அளந்தபோது சுதை வெள்ளையாகவே பதிந்தது.

பழைய மீட்டரைப் பெரியவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். சில்வர் ஆக்சைடு பேட்டரி போட்டு, நடுவில் ஒரு டையோடைச் சேர்த்து அழுத்தத்தை 1.35 வோல்ட்டுக்கு இறக்கிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.