ஆடிட் பட்டியலா, நியர் மிஸ் சீட்டா?

தொழிற்சாலை ஆய்வகத்தில் பாதுகாப்புப் பழக்கம் வேரூன்ற நிர்வாகங்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளை நம்புகின்றன. ஒன்று ஆடிட்: மாதந்தோறும் சோதனை, தவறினால் மெமோ, வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' பலகை. மற்றது நியர் மிஸ் சீட்டு: நூலிழையில் தப்பியதை யாரும் எழுதிப் போடலாம், எழுதியவர் மேல் நடவடிக்கை கிடையாது.

கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவற்றுக்கு ஆடிட்தான் சரி. ஐ வாஷ் (கண் கழுவும் குழாய்) வாராவாரம் திறந்து பார்க்கப்பட்டதா, ஃபியூம் ஹூட் (நச்சுப் புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டு) ஒழுங்காகக் காற்றை இழுக்கிறதா, ஈதர் என்ற கரைப்பானின் பாட்டிலில் திறந்த தேதி இருக்கிறதா? நாள்பட்ட ஈதரில் சேரும் பெராக்சைடு வெடிக்கக்கூடியது. இதையெல்லாம் யாருடைய ஞாபகத்தையும் நம்பி விடக் கூடாது.

ஆனால் பலகை வாயை அடைத்துவிடும்: எண்ணிக்கை கெட்டுவிடுமே என்று யாரும் நடந்ததைச் சொல்லமாட்டார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஆய்வகத்தில் ஒரு மாலை, ஆல்கஹால் மிச்சமிருந்த வேஸ்ட் பாட்டிலில் ஒருவர் நைட்ரிக் அமிலத்தை ஊற்றி மூடியை இறுக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் செம்பழுப்புப் புகை. பக்கத்திலிருந்தவர் ஹூட்டின் சாஷை (முன்பக்கக் கண்ணாடிக் கதவை) இறக்கி எல்லோரையும் வெளியேற்றினார். பாட்டில் ஹூட்டுக்குள்ளேயே வெடித்தது. யாருக்கும் காயமில்லை, அதனால் கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளியதோடு சரி. அடுத்த ஷிஃப்டுக்குக்கூடத் தகவல் போகவில்லை. அந்தப் பாட்டில்களின் லேபிளில் 'கழிவு' என்ற ஒரே சொல்தான் இருந்தது. அடுத்த ஆடிட்டில் 'லேபிள் உண்டு' என்று டிக் விழுந்தது.

2005-இல் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள். குறைவான காயக் கணக்கைப் பார்த்து ஆலை பத்திரமாக இருப்பதாக நிர்வாகம் நம்பியிருந்ததை விசாரணைகள் சுட்டிக்காட்டின.

சீட்டு முறைக்கு நல்ல முன்மாதிரி விமானத் துறை. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளின் இத்தகைய அறிக்கைகளை வாங்குவது நாசா. தண்டிக்கும் அதிகாரம் வேறோர் அமைப்பிடம். ஆய்வகத்திலும் சீட்டை வாங்குபவர் சம்பள உயர்வை முடிவு செய்பவராக இருக்கக் கூடாது.

இதற்கும் பலவீனம் உண்டு. 'ஆளுக்கு மாதம் இரண்டு' என்று இலக்கு வைத்தால் 'தரை ஈரம்' என்றே சீட்டுகள் குவியும். பதில் வராவிட்டால் மூன்றாவது மாதம் பெட்டி காலி. அதைப் பார்த்து ஆபத்து குறைந்துவிட்டதாக நினைப்பது பெரிய தவறு.

மூன்றாவதாக, சக ஊழியரே கவனித்துச் சொல்லும் முறையும் உண்டு. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி அணிகிறார்களா என்று பார்க்க அது உதவும், அவ்வளவுதான்.

என் ஓட்டு சீட்டுக்கு. ஆடிட் கருவிகளுக்கு மட்டும் இருக்கட்டும், பலகையைக் கழற்றிவிடலாம். இப்போது நான் இருக்கும் இடத்தில் அதே நைட்ரிக் அமில அபாயத்தைப் பற்றி ஒரு டெக்னீஷியன் சீட்டு எழுதினார். அந்த வாரமே அமிலக் கழிவுக்குத் தனி அலமாரியும் வாயு வெளியேறும் மூடிகளும் வந்தன. மறுநாள் பெட்டியில் நான்கு சீட்டுகள் கிடந்தன.